கச்சான் காலத்துத் திருமலைப் பயணம்



பெருநாள் கழிந்த கையோடு, அல்லது பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை தொடங்கிய கையோடு, "திருகோணமலைக்கு ஒரு பயணம் போய் வருவோமே" என்ற பேச்சு எழாத வீடு நம்மில் குறைவு. உடனே ஒரு வேன் பேசப்படும். பதினான்கு பேர் இருக்கக்கூடிய வேனில், மடிப்பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமலே பதினாறு பேர் ஏறிவிடுவார்கள். பாய், தலையணை, புரியாணிச் சட்டி, ஐஸ் பெட்டி, எரிவாயு அடுப்பு, மாற்றுடை, உம்மம்மாவின் மருந்துப் பை எல்லாம் ஏறும். வெளிநாட்டார் சிலர் கட்டிலும் அடுப்பும் பொருத்திய வேன்களில் ஊர் ஊராகச் சுற்றி வருகிறார்கள். அந்த வசதிகள் நம் வேனில் இல்லை. ஆயினும் இரண்டு நாளைக்கு அதுவே நமக்கு வீடு. உண்பதும், குழந்தைக்குப் பாலூட்டுவதும், உடை மாற்றுவதும், களைத்தவர் கண்ணயர்வதும் அதற்குள்ளேதான்.

அந்த வீட்டை வெயிலிலிருந்து காப்பது எப்படி என்பதைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேன் பேசும்போது ஆண்கள் கேட்கும் முதற் கேள்வி, "இரட்டை ஏ.சி. இருக்கிறதா?" என்பது. நல்ல கேள்விதான். ஆனால் இயந்திரம் ஓடும்போதுதான் ஏ.சி. வேலை செய்யும். திருமலைப் பயணத்திலோ வேன் ஓடும் நேரத்துக்குக் குறையாமல் நின்றிருக்கும் நேரமும் உண்டு. நிறுத்தியதும் சாரதி டீசலை மிச்சப்படுத்த இயந்திரத்தை அணைத்துவிடுவார். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியைக் கண்டவர்கள் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆண்களும் பெரிய பிள்ளைகளும் கடலில் இறங்கிவிடுவார்கள். அப்போது வேனுக்குள் இருப்பது யார்? முழங்கால் வலியுள்ள உம்மம்மா, கைக்குழந்தைக்காரி, நிறைமாதக்காரி, சாமான்களுக்குக் காவலாக ஒரு ராத்தா. வேனின் வெக்கை முழுவதையும் தாங்குகிறவர்கள் நீங்கள். ஆகவே இதை உங்களிடம் சொல்வதே முறை.

கச்சான் என்னும் காற்று

திருமலைக் கடல் குளிப்பதற்கு ஏற்றபடி அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. கச்சான் வீசுவதும் அதே மாதங்களில்தான். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குப் பகுதியிலும் மலைநாட்டின் சரிவுகளிலும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. ஈரத்தை இழந்த காற்று இறங்க இறங்கச் சூடேறுகிறது. அது கிழக்குக் கரையை வந்து சேரும்போது உதடு வெடிக்கும், கண் எரியும், துவைத்துப் போட்ட சீலை சற்று நேரத்தில் காய்ந்துவிடும். அந்நாட்களில் பகல் வெப்பம் 34, 35 பாகை செல்சியஸைத் தொடுவது சாதாரணம்.

இந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அடங்கிக் கிடப்பதன் காரணம் இதுவே. கடலில் நிற்பவருக்கு அது இதமாகத் தெரியும். கரையில் நிற்கும் வேனுக்குள் இருப்பவருக்கு அதுவே அனல். கடலைப் பார்த்து வேனை நிறுத்தினால் கடற்காற்று வரும் என்று எண்ணிவிடாதீர்கள். கச்சான் ஓங்கிய நாளில் காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும். கச்சான் தளர்ந்த நாட்களில் பகல் ஏற ஏறக் கடற்காற்று எழும். தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்தால் அன்றைய காற்று தெரிந்துவிடும்.

வேன் ஏன் அடுப்பாகிறது?

வெயில் கண்ணாடியூடாக உள்ளே வருகிறது. ஆசனத்தையும் முன்பலகையையும் சுடுகிறது. அவை கக்கும் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தில் முதல் பத்து நிமிடத்திலேயே ஏறக்குறைய 10 பாகை ஏறிவிடும் என்பதை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் 18, 19 பாகை ஏறும். வெளியே 34 என்றால் உள்ளே 50ஐத் தாண்டிவிடுகிறது என்று பொருள். யன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் போதும் என்பது நம்மவர் பலரின் எண்ணம். அதனால் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை என்பதும் அளந்து அறியப்பட்ட உண்மையே.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, வெயில் கண்ணாடியைத் தொடாமல் தடுப்பது. மற்றது, காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வழிவிடுவது.

முன்கண்ணாடியை வெளிப்புறமாக மறைப்பதே நல்லது. உள்ளே மறைத்தால் வெயில் ஏற்கனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. ஒரு வெள்ளைச் சீலையோ, சாமான் பெட்டியை அறுத்த மட்டையோ போதும். காற்றில் பறக்காமல் துடைப்பானுக்கு அடியில் செருகிவிடுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் திருமலையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது சுடுவது கூரை. கூரையில் சாமான் தட்டு இருக்குமானால் அதன் மேல் ஒரு படங்கை விரித்துக் கட்டச் சொல்லுங்கள். படங்குக்கும் கூரைக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி இருக்க வேண்டும். படங்கு வெயிலை ஏந்திக்கொள்ளும், கூரை தப்பும்.

நம் நாட்டு வேன்களில் இழுத்துத் திறக்கும் பெரிய கதவு இடப்பக்கத்தில் இருக்கிறது. காற்று வரும் பக்கத்துக்கு அந்த இடப்பக்கம் இருக்கும்படி வேனை நிறுத்தச் சொல்லுங்கள். பின்கதவைத் தூக்கிவிடுங்கள். வலப்பக்க யன்னல்களைத் திறந்து வையுங்கள். பெரிய கதவால் நுழைந்த காற்று வேனைக் கழுவிக்கொண்டு பின்னாலும் பக்கத்தாலும் வெளியேறும். தூக்கிய பின்கதவின் கீழ் இருவர் இருக்க நிழலும் கிடைக்கும்.

மீண்டும் புறப்படும்போது ஏறியவுடன் ஏ.சி.யைப் போட்டுக் கதவை அடைத்தால், உள்ளே தேங்கிய அனலைக் குளிராக்கவே நெடுநேரம் பிடிக்கும். எல்லாக் கதவுகளையும் இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். பின்பு யன்னல்களைத் திறந்தபடியே சிறிது தூரம் ஓடட்டும். அதன் பிறகு மூடி ஏ.சி.யைப் போட்டால் விரைவில் குளிரும்.

வழியில்

கொழும்பு, குருநாகல் பக்கமிருந்து வருபவர்கள் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வருவார்கள். சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்படுவதே நல்லது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலுள்ள காட்டு வழியில் மர நிழல் தாராளம். ஆனால் அது யானைகள் குறுக்கிடும் பாதை. நிழலைக் கண்டு அங்கே பாய் விரிக்க வேண்டாம். கந்தளாயை அடைந்து இளைப்பாறுங்கள்.

அங்கே வீதியோரத்தில் எருமைத் தயிர் மண்முட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். வேனைக் குளிர வைக்கும் இரகசியம் அந்த முட்டியிலும் இருக்கிறது. மண்ணின் நுண்துளைகளால் ஈரம் கசிந்து காற்றில் ஆவியாகும்போது முட்டி குளிர்கிறது. கச்சான் வறண்ட காற்றாதலால், காற்று வரும் கதவில் ஒரு நனைத்த சீலையைத் தொங்கவிட்டால் உள்ளே வருவது குளிர்ந்து வரும். ஈரம் நிறைந்த கடற்காற்று வீசும்போது இது பலிக்காது, புழுக்கமே மிஞ்சும். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே ஈரச் சீலை தொங்கவிடுவதும் அப்படித்தான்.

நேரத்துக்கு ஏற்ற இடம்

திருமலை நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு நிலத்துண்டில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல். மறுபுறம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான உள்துறைமுகம். ஆகவே காலையில் ஓரிடமும் மாலையில் வேறிடமும் என்று பிரித்துக்கொண்டால் பயணம் இலேசாகும்.

காலை நேரம் கன்னியாவுக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் உரியது. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வெந்நீர் ஊறுகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. விடிந்ததும் குளித்தால் உடலுக்குச் சுகம். நண்பகலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வெந்த வேனில் ஏறினால் தலைசுற்றும். நகருக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள நிலாவெளியிலும் காலையிலேயே குளித்து முடித்துவிடுங்கள்.

காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வேனுக்குள் யாருமே இருக்கக் கூடாது. இதை ஒரு சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீடு, உணவகம், மரத்தடி, எங்காவது இறங்கியிருங்கள். பலர் சேர்ந்த பயணமானால் அந்த நான்கு மணி நேரத்துக்கு ஓர் அறையை வாடகைக்கு எடுப்பது வீண்செலவல்ல. போர்த்துக்கேயர் 1624இல் கட்டி, பின்னர் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிரெட்ரிக் கோட்டையின் பக்கம் நண்பகலில் போனால், புள்ளிமான்கள் பெருமரங்களின் அடியில் அசையாமல் படுத்திருப்பதைக் காணலாம். வாயில்லாத உயிர்களும் வெயிலின் நேரத்தை அறிந்திருக்கின்றன.

நிழலுக்காக நின்ற மனிதர் கதையும் இவ்வட்டாரத்தில் உண்டு. கொட்டியாரக் குடாவில் கப்பல் வந்து நின்றபோது, 1660ஆம் ஆண்டு ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் தந்தையும் மூதூர்ப் பகுதியில் கண்டி மன்னரின் ஆட்களால் பிடிக்கப்பட்டார்கள். ஒரு புளியமரத்தடியில் வைத்துப் பிடித்ததாகச் சொல்வார்கள். நொக்ஸ் ஏறக்குறைய 19 ஆண்டுகள் கழித்தே தப்பினார். இன்று அந்த அச்சமில்லை. புளி, வேம்பு, ஆல் எதைக் கண்டாலும் தாராளமாக நிறுத்தலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நிழல் நகரும். காலையில் மரத்துக்கு மேற்கே விழும் நிழல், லுஹருக்குப் பின் கிழக்கே போய்விடும். நிறுத்தும்போது இருக்கும் நிழலைப் பார்க்காமல், இரண்டு மணி நேரம் கழித்து நிழல் விழும் இடத்தைக் கணக்கிட்டு நிறுத்துங்கள்.

அஸருக்குப் பின் உள்துறைமுக வீதியும் கிண்ணியாவும். சூரியன் துறைமுகத்தின் பக்கமாகச் சாய்வதால் மாலை வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும். வேனின் பின்புறம் மேற்கே இருக்கட்டும். முன்னர் கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதைக்காக வரிசையில் வெயிலில் காத்திருக்க வேண்டும். மூத்த சகோதரிகளுக்கு அது நினைவிருக்கும். 2009 அக்டோபரில் 396 மீட்டர் நீளமுள்ள பாலம் சவூதி நிதியுதவியுடன் திறக்கப்பட்ட பின் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. பாலத்தின் மேல் நிறுத்தாமல், கடந்து போய்க் கரையோரம் இறங்கி நின்றால் இருபுறத் தண்ணீர் மேலாகவும் வரும் மாலைக் காற்று பகல் முழுதும் பட்ட வெக்கையைத் தீர்த்துவிடும்.

திரையும் காற்றும்

ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடற்கரையில் நிற்கும் வேன்களில் யன்னல் அடைத்து, திரை இழுத்து, உள்ளே ஒரு தாய் கையேட்டால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பிறர் பார்வை படக்கூடாது என்பதற்காகவே அடைக்கிறார்கள். அந்த எண்ணம் மதிப்புக்குரியது. ஆனால் மறைவுக்குக் கண்ணாடி தேவையில்லை, துணியே போதும். கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டுத் திரையை மட்டும் தொங்கவிடுங்கள். அதன் கீழ்நுனியில் சிறு கல்லை முடிந்தால் காற்றில் விலகாது. திறந்த பெரிய கதவுக்கு முன்னால் ஒரு முழ இடைவெளி விட்டு ஒரு சீலையைக் கட்டினால், காற்று அதன் ஓரங்களால் நுழையும், பார்வை நுழையாது. அரபு நாட்டு நாடோடிகள் ஆட்டு உரோமத்தில் நெய்த கூடாரங்களில் தங்கள் பெண்களுடன் பாலைவனத்தில் வாழ்ந்தார்கள். நெசவு நெருக்கமில்லாததால் அக்கூடாரத்தின் சூடான காற்று மேலே வெளியேறிவிடும். பயண நாளில் எளிதாகச் சுமக்கக்கூடிய கூடாரங்களையும், நிழல்களையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் நஹ்ல் அத்தியாயத்தில் எண்ணிக்காட்டுகிறான். மறைவும் காற்றும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இன்னொன்று, தண்ணீர். வழியில் ஒதுங்க இடமிருக்காது என்று அஞ்சிப் பெண்கள் பலர் பயண நாளில் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். கச்சான் காலத்தில் இது உடலுக்குக் கொடுமை. பாலூட்டும் தாய்க்கும் கர்ப்பிணிக்கும் இரட்டிப்புக் கொடுமை. புறப்படும் முன்பே, பெண்களுக்கு ஒதுங்கவும் தொழவும் இடமுள்ள பள்ளிவாசல்கள் எவை என்று விசாரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே நிறுத்தும்படி பயணத்தை வகுக்கச் சொல்லுங்கள். இளநீர், கசகசா போட்ட சர்பத், உப்பிட்ட மோர் எதுவும் நல்லது. இரண்டு பைக்கற் ஜீவனி கைப்பையில் இருக்கட்டும்.

இன்சுலின் போன்ற மருந்துகளை ஐஸ் பெட்டியில், ஐஸில் நேரடியாகப் படாமல் ஒரு துணியில் சுற்றி வையுங்கள். நிறுத்திய வேனுக்குள் எரிவாயு உருளை, லைட்டர், வாசனைத் தெளிப்பான் எதையும் விட்டுவிடாதீர்கள். சூட்டில் வெடிக்கக்கூடியவை அவை. இரவில் குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டுக் கதவடைத்து உறங்குவதும் ஆபத்து. புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குபவர் விழிக்கவே மாட்டார்.

கைக்குழந்தை ஓர் அமானிதம்

சிறு குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். "உறங்குகிறதே, ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம்" என்று விட்டுப்போன குழந்தைகள் பல நாடுகளில் வாகனத்துக்குள்ளேயே இறந்திருக்கின்றன. அவர்களின் பெற்றோரும் பாசமுள்ள பெற்றோரே. பதினாறு பேர் போகும் பயணத்தில் ஒவ்வொருவரும் குழந்தை மற்றவரிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். எல்லோரும் பார்க்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இறங்கும் ஒவ்வொரு தடவையும் கடைசி ஆசனம் வரை ஒருவர் நடந்து பார்த்துவிட்டே கதவை அடைக்க வேண்டும். யாரும் இல்லாத வேன் பூட்டியிருக்க வேண்டும். விளையாட்டாக ஏறி உள்ளே சிக்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

ஒருவர் வெயிலில் குழறிப் பேசினால், வாந்தியெடுத்தால், உடல் கொதித்து வலிப்பு வந்தால், குழந்தை துவண்டு கண் திறக்க மறுத்தால் அது சாதாரணக் களைப்பல்ல. உடனே 1990 இலக்கத்தை அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மேலாடையைத் தளர்த்தத் தயங்கிக் காலம் கடத்த வேண்டாம். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் தருகிறது. மற்றப் பெண்கள் சீலையைப் பிடித்துச் சுற்றி நின்றால் மறைவும் கிடைத்துவிடும்.

சொல்ல வேண்டியவர் யார்?

ஒரு பயணத்தில் முஅத்தின் லுஹருக்குப் பாங்கு சொல்ல முனைந்தபோது, வெயில் தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தாமதிக்கச் செய்தார்கள். மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்ததை அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் இது இருக்கிறது. தொழுகையின் நேரத்தையே வெயிலைப் பார்த்து அமைத்தார்கள் என்றால், நம் பயணத் திட்டத்தை அமைக்கக் கூடாதா? பெண்கள் ஏறிய ஒட்டகங்களை அன்ஜஷா (ரலி) விரைந்து ஓட்டியபோது, கண்ணாடிப் பாத்திரங்களைப் போல எண்ணி மெதுவாக ஓட்டும்படி அவரைப் பணித்தார்கள். அந்தக் கூட்டத்தின் வேகம் அதில் மெலிந்தவர்களைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது.

நம் வேன்களிலோ எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை முன்னாசனத்தில் இருப்பவர் முடிவு செய்கிறார். அவர் இறங்கிக் கடலுக்குப் போய்விடுகிறார். பின்னாசனத்தில் இருப்பவர் வெக்கையில் இருக்கிறார். இந்த வழக்கம் மாற வேண்டும். அடுத்த பயணத்துக்கு முன், புறப்படும் நேரம், நிறுத்தும் இடம், நண்பகலில் தங்கும் இடம் மூன்றையும் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிச் சாரதியிடம் கொடுங்கள். கணவர்மாருக்கும் ஆண்மக்களுக்கும் ஒரு சொல்: "இந்த இடம் வேண்டாம், அந்த மரத்தடிக்குப் போங்கள்" என்று பின்னாலிருந்து குரல் வந்தால், அதை முணுமுணுப்பென்று தள்ளாமல் வேனைத் திருப்புங்கள்.

அல்லாஹ் உங்கள் பயணங்களை இலேசாக்கி, போனவர் அனைவரையும் நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.